வெயில் காட்டின பவுடர்

எனக்கு மூக்குக்கு மேல கோபம்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லட்டும். போர்ட் பிளேர்ல உட்கார்ந்துகிட்டு லித்தியம் பேட்டரிக்குப் பவுடர் செய்யிறவளுக்குக் கோபம் வரலன்னா அவளை டாக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போகணும்.

அந்தப் பவுடர் என்னன்னு மொதல்லயே சொல்லிடறேன், நடுவுல நிறுத்திக் கேட்டா எனக்கு எரிச்சல் வரும். உங்க போன் பேட்டரிக்குள்ள மெல்லிசா ரெண்டு தகடு இருக்கும். ஒண்ணு அலுமினியம். அது மேல கறுப்பா ஒரு பூச்சு. அந்தப் பூச்சுக்கான பவுடரைத்தான் நான் செய்யிறேன். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூணையும் கரைச்சு, சொட்டுச் சொட்டா காரம் விட்டு (மிளகாய்க் காரம் இல்ல, ஆல்கலி), வண்டலாப் படிய வச்சு, கழுவிக் கழுவி, காய வச்சு, லித்தியம் சேர்த்து அரைச்சு, ஆக்ஸிஜன் ஓடற குழாய் அடுப்புல பதினஞ்சு மணி நேரம் வேக வைக்கணும். அதுல நிக்கல் கூடக் கூட சார்ஜ் நல்லாப் பிடிக்கும். கூடக் கூட ஈரத்தைக் கண்டா கெட்டும் போகும். தண்ணி படணும்னு கூட இல்ல, காத்துல இருக்கிற ஈரமே போதும். உள்ள இருக்கிற லித்தியம் மேல் தோலுக்கு வந்து காரமா உட்கார்ந்துக்கும். வெளியில பார்த்தா ஒரு வித்தியாசமும் தெரியாது.

இதை எங்க செய்யச் சொன்னாங்கன்னு பாருங்க. வருஷத்துல எட்டு மாசம் மழை பெய்யிற அந்தமான்ல. குட்வில் எஸ்டேட்னு நாங்க இருக்கிற பேட்டையில, எங்க வீட்டுல துவைச்ச துணி மூணு நாளானாலும் காயாது. சர்டிஃபிகேட் எல்லாம் பூசணம் பிடிக்கும்னு அலமாரிக்குள்ள ஒரு பல்பைப் போட்டு வச்சிருப்போம். கடலோர ஈரத்துல இந்தப் பவுடரைச் செஞ்சு காப்பாத்த முடியுமாங்கிறதுதான் ப்ராஜெக்டோட கேள்வியே. எழுதினவரு மெயின்லேண்ட்ல பெரிய லேப் வச்சிருக்கிற ஒரு ப்ரொஃபசர். நல்ல கேள்விதான், இல்லங்கல. ஆனா கேட்டவரு ஏசி ரூம்ல இருக்காரு, பதில் தேடறவ இங்க வேர்த்து விறுவிறுத்துக் கிடக்கா.

எங்க காலேஜ்ல என்ன இருக்கு? ஒரு குழாய் அடுப்பு, ஒரு தராசு, ஒரு ஓவன், கையுறை ஒட்டின ஒரு பிளாஸ்டிக் பை. அந்தப் பைக்குள்ள ஆர்கான் வாயுவை நிரப்பி, காத்துப் படாம பவுடரைக் குப்பியில அடைப்பேன். அவ்வளவுதான். எக்ஸ்ரே அடிச்சுப் பார்க்கிற மெஷின் மெயின்லேண்ட்ல. மைக்ராஸ்கோப் மெயின்லேண்ட்ல. பவுடரைத் தகட்டுல பூசி, பட்டன் மாதிரி சின்ன செல் போட்டு, சார்ஜ் ஏத்தி இறக்கிப் பார்க்கிற வசதியும் மெயின்லேண்ட்ல. பிள்ளையைப் பெத்தவ நான், முகத்தைப் பார்க்கிறது அவங்க. ஒவ்வொரு தடவையும் என் பவுடர் எப்படி இருக்குன்னு யாரோ போன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கான்ஃபரன்ஸுக்குன்னு ஒருவாட்டி அங்க போனப்ப ஒருத்தர் கேட்டாரு, "அந்தமான்லயா? அங்க கரண்ட் எல்லாம் இருக்கா?"ன்னு. இருக்கு. போயிப் போயி வரும். என் முதல் பவுடர் பத்தாவது மணி நேரத்துல கரண்ட் போய்ச் செத்தது. ரெண்டாவது பவுடருக்கு நடுவுல ஆக்ஸிஜன் சிலிண்டர் தீர்ந்தது. அடுத்த சிலிண்டருக்கு எழுதிக் கொடுத்த காகிதம் மேஜை மேஜையா ஊர்வலம் போச்சு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? மூணாவது பவுடர் மெயின்லேண்ட் வரைக்கும் போய், எக்ஸ்ரேயில கலப்படம்னு திரும்பி வந்தது.

நாலாவது நல்லா வந்துச்சு. எனக்கே தெரிஞ்சது. விடியறதுக்கு முன்னாடி அடுப்பை ஏத்தி, ஜெனரேட்டர்க்காரர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி, கரண்ட் ஒரு நிமிஷம் கூடப் போகாம வெந்தது. எடுத்தப்ப கட்டி கட்டாம, மையாட்டம் இருந்துச்சு. கொஞ்சம் எடுத்துத் தண்ணியில கலக்கிக் காரம் எவ்வளவுன்னு பார்த்தேன், இருக்க வேண்டிய அளவுதான். அன்னைக்கு எனக்கு சந்தோஷம் தாங்கல, அதையும் சொல்லணும்ல. அந்தச் சமயத்துல எங்களுக்கு ஒரு கெடு வேற இருந்துச்சு. ப்ராஜெக்டுக்குப் பணம் கொடுக்கிற கமிட்டியோட அடுத்த மீட்டிங்குக்குள்ள ஒரே ஒரு நல்ல செல் காட்டணும். காட்டலன்னா ப்ராஜெக்டை மூடிடுவாங்க, என் பிஎச்டியும் அதோட போச்சு. அஞ்சு வருஷ உழைப்பு. பொண்ணு கேட்டு வந்தவங்களை எல்லாம் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினேன்.

எங்க ஊர்ல ஒரு சாமானை மெயின்லேண்டுக்கு அனுப்பணும்னா கப்பல்ல போற தெரிஞ்ச ஆள் கையில கொடுத்து விடறதுதான் வழக்கம். அதுவும் பார்சல் மேல லித்தியம்னு எழுதியிருந்தா விமானத்துக்காரங்க பேட்டரின்னு நினைச்சுத் தொடவே மாட்டாங்க. பவுடர் வேற, பேட்டரி வேறன்னு ரெண்டு தடவை கவுண்டர்ல நின்னு கத்திப் பார்த்துட்டேன். அதனால எங்க தெருவுல இருந்து சென்னைக்குக் கப்பல் ஏறப் போன ஒரு வாத்தியார்கிட்டக் கொடுக்கிறதா ஏற்பாடு. மூணு நாள் பயணம். ஈரம் உள்ள போகாம இருக்கணும்னு அஞ்சு குப்பியையும் தனித்தனியா அலுமினியப் பையில போட்டு சீல் வைக்கணும். காலேஜ்ல சீல் மெஷின் கிடையாது. இருக்கிறது எங்க அத்தா, அதான் எங்க அப்பா, அவர் கடையிலதான்.

அத்தாவுக்கு பஜார்ல மளிகைக் கடை. ராமநாதபுரத்துல இருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில இருந்து கார் நிக்கோபாருக்குப் போற கப்பல்ல அவரோட சரக்கும் போகும். மிளகாய், மல்லி, பருப்பு, பெருங்காயம். அவருக்கு ஒரே எதிரி ஈரம்தான். சரக்கு கடல் ஏறதுக்கு முன்னாடி வெயில் அடிச்சா மாடியில விரிச்சு நல்லாக் காய விடுவாரு. அப்புறம்தான் பையில போட்டு, ஒரு கோடு பத்தாதுன்னு ரெண்டு கோடு சீல் அடிப்பாரு. வெயில் காட்டாம ஒரு பொட்டலமும் அவர் கடையை விட்டுக் கடல் தாண்டாது.

நான் என் அஞ்சு பையையும் ஒரே கோட்டுல சீல் பண்ணி அவர்கிட்டக் கொடுத்தேன். "அத்தா, இதுல ஈரமே படக் கூடாது, பட்டா என் பொழைப்பே போச்சு. வாத்தியார் வந்தா கொடுத்துடுங்க"ன்னு சொன்னேன். அவரும் "கொடுத்துட்டுப் போ, நான் பார்த்துக்கிறேன்"னாரு. கடல் கொந்தளிப்புன்னு கப்பல் ரெண்டு நாள் தள்ளிப் போச்சு. அதெல்லாம் இங்க சகஜம்தானே, நான் கண்டுக்கல.

பத்துப் பன்னண்டு நாள் கழிச்சு மெயின்லேண்ட் லேப்ல இருந்து போன். அங்க செல் போடறவங்க ஒரு ரிசர்ச் ஸ்காலர். திருநெல்வேலிப் பக்கம். என் வயசுதான் இருக்கும், ஒரு குழந்தை இருக்குன்னு தெரியும், பின்னால அழற சத்தம் கேட்டிருக்கேன். நேர்ல பார்த்ததில்ல. என்னை மேடம் மேடம்னுதான் கூப்பிடுவாங்க.

"மேடம், பவுடரைப் பசையில கலக்கினா ஜெல்லி மாதிரி ஆயிடுது. தகட்டுல பூசவே வரல. ரெண்டு வாட்டி பண்ணிப் பார்த்துட்டேன்"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு ஏறிடுச்சு. பவுடர்ல காரம் கூடிப் போனாத்தான் அப்படி ஜெல்லியாகும். என் பவுடர்ல காரம் கூடலன்னு நானே பார்த்து அனுப்பினது. "உங்க கரைப்பான்ல தண்ணி இருக்கும், பாருங்க"ன்னேன்.

"இல்ல மேடம், புது பாட்டில்தான் உடைச்சேன்."

"அப்ப பவுடரை வெளியில திறந்து வச்சிருப்பீங்க."

"இல்ல மேடம், பெட்டிக்குள்ள வச்சுத்தான் திறந்தேன்."

பெட்டின்னா அந்த லேப்ல இருக்கிற ஆர்கான் பெட்டி. கண்ணாடி போட்டு, கையுறை வச்சு, லட்சணமா இருக்கும். நான் கனவுல மட்டும் பார்க்கிற பெட்டி. அது இருந்தும் என் பவுடரைக் குறை சொல்றாங்களேன்னு எனக்கு வயிறு எரிஞ்சது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்த மாதிரி இருக்கு நீங்க சொல்றது"ன்னு போன்லயே சொல்லிட்டேன். அப்புறம், "இருக்கிறதை வச்சு செல் போட்டுப் பார்க்கிறேன் மேடம்"னு சொல்லி வச்சுட்டாங்க. போட்டாங்க. திட்டுத் திட்டா வந்த பூச்சுல போட்ட செல் எப்படி இருக்கும்? அஞ்சாறு தடவை சார்ஜ் ஏத்தி இறக்கறதுக்குள்ள பாதி காலி.

நான் விடல. எங்க காலேஜ்ல எனக்கு கைடா இருக்கிற சார்கிட்டப் போய்க் கொட்டினேன். அவர் பெங்காலி. எங்க ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கிறது தீவு ஹிந்திதான். "அரே பேட்டி, டென்ஷன் மத் லோ"ன்னு, கவலைப்படாதேம்மான்னு சொல்லிட்டு, மெயின்லேண்ட் ப்ரொஃபசருக்குக் காரசாரமா ஒரு மெயில் தட்டி விட்டாரு. அந்த ப்ரொஃபசர் உடனே பெட்டியோட லாக் புக்கை எடுத்துப் பார்த்திருக்காரு. பெட்டிக்குள்ள ஈரம் எவ்வளவுன்னு தினம் எழுதணும். அந்த வாரத்துல ஒரு நாள் எழுதாம விட்டிருக்கு. பெட்டி அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு, குழந்தைக்குக் காய்ச்சல்னு அவங்கதான் எழுத மறந்து ஓடியிருக்காங்க. போதாதா? மாட்டிக்கிட்டாங்க.

அவங்களும் சும்மா இருக்கல, தன் பக்கத்துக்கு ஒரு சாட்சி அனுப்பினாங்க. பார்சல் வந்த அன்னைக்கே, பையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வச்ச போட்டோ. மேஜை மேல என் அஞ்சு பையும் வரிசையா இருந்துச்சு. 'எந்தப் பையும் கிழியல மேடம், வந்தபடியே திறந்தேன், பாருங்க'ன்னு கீழ எழுதியிருந்தாங்க. லேப்ல ஸ்டூல்ல உட்கார்ந்து, இதுல என்ன குத்தம் கண்டுபிடிக்கலாம்னுதான் போட்டோவைப் பெரிசு பண்ணினேன். ஒவ்வொரு பையிலயும் சீல் ரெண்டு கோடா இருந்துச்சு.

நான் அடிச்சது ஒரே கோடு. ஸ்கூட்டியை எடுத்துக்கிட்டு நேரா கடைக்குப் போனேன். மதியத் தொழுகை, லுஹர் தொழுதுட்டு அத்தா அப்பத்தான் வந்து உட்கார்ந்திருந்தாரு.

"அத்தா, அன்னைக்கு வாத்தியார்கிட்டக் கொடுத்த பையை நீங்க பிரிச்சீங்களா?"

"ஆமா"ன்னாரு. ஒளிக்கவே இல்ல, பெருமையாத்தான் சொன்னாரு. "கப்பல் ரெண்டு நாள் தள்ளிப் போச்சுல்ல, மறுநாள் சுள்ளுன்னு வெயில் அடிச்சுது. அஞ்சு எவர்சில்வர் தட்டுல அஞ்சையும் கொட்டி மூணு மணி நேரம் வெயில் காட்டினேன். மேல வேட்டித் துணி போட்டு மூடி வச்சேன், காத்துல ஒரு துளி பறக்கல. எந்தத் தட்டுக்கு எந்த மூடியோ அதைப் பக்கத்துலயே வச்சுத் திரும்பி அடைச்சேன். ஒண்ணு மாத்தி ஒண்ணு போகல. புதுப் பை போட்டு ரெண்டு கோடு அடிச்சேன். ஏன், போய்ச் சேரலயா?"

நான் கத்தினேன். பஜார்ல பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். "அது மிளகாய்ப் பொடியா அத்தா? யாரு உங்களைத் தொடச் சொன்னது? அதை மூச்சுல இழுத்தா நுரையீரலுக்கு ஆகாது, தெரியுமா? என் அஞ்சு வருஷத்தைத் தட்டுல கொட்டி மொட்டை மாடியில வச்சிருக்கீங்களே"ன்னு என்னென்னமோ கத்தினேன்.

அத்தா முகம் செத்துப் போச்சு. "ஈரம் படக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே"ன்னாரு.

சொன்னேன்தான். ஈரம்னா என்னன்னு சொன்னேனா? வெயிலா இருந்தாலும் எங்க ஊர்க் காத்துல ஈரம் இருக்கும், அந்தக் காத்து படறதுதான் ஆபத்துன்னு சொன்னேனா? பவுடர் மூணு மணி நேரம் அந்தக் காத்தைக் குடிச்சது பத்தாதுன்னு, அதே காத்தோட உள்ள வச்சு மூடி மூணு நாள் கடல்லயும் போயிருக்கு. முப்பது வருஷமா ஈரத்தோட மல்லுக்கு நிக்கிற மனுஷன், தனக்குத் தெரிஞ்ச வைத்தியத்தைப் பண்ணியிருக்காரு. பொண்ணோட சரக்குன்னு மத்தச் சரக்கை விட ரெண்டு மடங்கு கவனமாப் பண்ணியிருக்காரு. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். அவர் கவனக்குறைவா இருந்திருந்தா ஒரு மாசம் பேசாம இருந்து என் கோபத்தைத் தீர்த்திருப்பேன்.

மறுநாள் சார்கிட்டச் சொல்லிடணும்னுதான் போனேன். சத்தியமாச் சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவரே ஆரம்பிச்சுட்டாரு. "பச் கயே", தப்பிச்சோம்னாரு. தப்பு அவங்க பெட்டியில, நம்ம பவுடர்ல இல்லன்னு கமிட்டிக்கு எழுதியாச்சு, எக்ஸ்டென்ஷன் கிடைச்சுடும்னாரு. சொல்ல வந்ததை நான் சொல்லல. எங்க அத்தா பேட்டரிப் பவுடரை மல்லி மாதிரி மாடியில காயப் போட்டாருன்னு சொன்னா அந்த ப்ரொஃபசர் எப்படிச் சிரிப்பாருன்னு எனக்குத் தெரியும். அங்க கரண்ட் இருக்கான்னு கேட்டவங்களாச்சே. தீவுல இதெல்லாம் சரிப்பட்டு வராதுன்னு ஒரு வரி எழுதி மூடிடுவாங்க. எனக்குப் பின்னாடி வர்ற பிள்ளைங்களுக்கும் அதே வரியைக் காட்டுவாங்க.

மீட்டிங் கம்ப்யூட்டர்லதான் நடந்துச்சு. ஒரு கட்டத்துல அந்தத் திருநெல்வேலிக்காரங்க முகம் தெரிஞ்சது, கண்ணாடி போட்டு, தலை குனிஞ்சு. அன்னைக்குத்தான் மொதல் தடவையாப் பார்க்கிறேன். கமிட்டியில ஒருத்தர் நேராவே என்னைக் கேட்டாரு, "உங்க பக்கத்துல இருந்து சாம்பிள் சரியாத்தான் போச்சா?"

"ஆமா சார். ஆர்கான்ல அடைச்சு, சீல் பண்ணிக் கொடுத்தேன்"னேன்.

அதுல ஒரு வார்த்தை கூடப் பொய் இல்ல. அடைச்சேன், சீல் பண்ணினேன், கொடுத்தேன். அவ்வளவு ஜாக்கிரதையா வார்த்தையைப் பொறுக்கினவளைப் பத்தி நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அத்தாவைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்னு கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அத்தாவுக்கு என்ன ஆகப் போகுது? அவரைக் கமிட்டியா கூப்பிட்டு விசாரிக்கப் போகுது? நான் காப்பாத்தினது என்னைத்தான்.

எக்ஸ்டென்ஷன் கிடைச்சது. அவங்களைச் செல் போடற வேலையில இருந்து எடுத்துட்டாங்க. இனி பெட்டியில கை வைக்கக் கூடாது, வேற தலைப்பு பார்த்துக்கன்னு சொல்லிட்டாங்களாம். அவங்க பிஎச்டியும் அந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்துச்சுன்னு எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிஞ்சிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பேன்?

அஞ்சாவது பவுடரை நான் யார் கையிலயும் கொடுக்கல. மடியில வச்சுக்கிட்டு நானே கப்பல் ஏறினேன். நாலாவது மாதிரியேதான் செஞ்சேன், ஒரு இம்மி கூட மாத்தல. அங்க புதுசா போட்டிருந்த பையன் பசையில கலக்கினான், வழவழன்னு வந்துச்சு. தகட்டுல ஒரே சீராப் படிஞ்சது. ரிசல்ட் வர்ற வரைக்கும் அங்கயே தங்கினேன், செல் நூறு தடவை ஏறி இறங்கியும் சார்ஜ் பிடிக்கிறது பெரிசாக் குறையல. அந்த ப்ரொஃபசர் என் எதிர்லயே சார்கிட்டப் போன்ல சொன்னாரு, "ஆளை மாத்தினதும் சரியாயிடுச்சு பார்த்தீங்களா?"ன்னு. நான் பக்கத்துல நின்னு சிரிச்சேன். நாலாவது பவுடரும் நல்ல பவுடர்தான்னு நிரூபிக்க வேண்டிய செல்லு, அவங்க தலையில இன்னும் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுச்சு.

அவங்க அன்னைக்கு லேப்ல இல்ல. எங்கன்னு நானும் கேட்கல. ஊருக்குத் திரும்பின வாரம் அவங்ககிட்ட இருந்து ஒரு மெசேஜ் வந்துச்சு. 'மேடம், ரிசல்ட் கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். உங்க பவுடர்ல குறை இல்ல, நான்தான் எங்கேயோ கவனிக்காம விட்டிருக்கேன். அன்னைக்கு உங்ககிட்ட எதிர்த்துப் பேசினதுக்கு மன்னிச்சுக்கோங்க.'

அதை நாலஞ்சு தடவை படிச்சேன். அப்புறம் பதில் போட்டேன். 'பரவாயில்ல, விடுங்க'ன்னு போட்டேன்.